பெரும்பான்மை மனத்தோடு பேசுவது எப்படி? கொழும்பில் வாழ்வோருக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பான்மை மதத்தவர் சிறுபான்மை மதத்தவரைப் பற்றி வைத்திருக்கும் எண்ணங்களை வெறும் அறியாமை என்றோ வெறும் பகை என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. கொழும்பில் வாழும் நமக்கு அந்த எளிய வழி உதவுவதில்லை. அடுக்குமாடியின் மின்தூக்கியில், அலுவலகத்தின் மதிய உணவு மேசையில், பிள்ளைகளுக்காகக் காத்துநிற்கும் பாடசாலை வாசலில், குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த எண்ணங்கள் சொற்களாக வெளிவருகின்றன. நாமும் ஏதோ ஒரு மறுமொழி சொல்கிறோம், அல்லது பேச்சை மாற்றிவிட்டு வீடு திரும்பிய பிறகு மனம் கசந்து கிடக்கிறோம். அத்தகைய பேச்சு எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியல் ஆய்வுகளின் துணையோடு புரிந்துகொண்டு, அதற்குரிய விதத்தில் மறுமொழி சொல்ல விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பான்மை மனப்பாங்கு எந்த மதத்தின் தனிக்குணமும் அன்று. எண்ணிக்கையாலோ அதிகாரத்தாலோ மேலிடத்தில் நிற்கும் எவரிடமும் அது வந்து சேர்கிறது. ஆகவே அதை அடையாளம் காணும் பயிற்சியை நாமே பெரும்பான்மையாக இருக்கும் இடங்களில் தொடங்க வேண்டும். அவ்வாறு தொடங்காதவரின் பேச்சு, கேட்பவர் காதில் குற்றச்சாட்டாக மட்டுமே விழும்.

நீங்கள் எங்கே பெரும்பான்மை என்று பாருங்கள்

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் பௌத்தர்கள் சுமார் 70 சதவீதம், இந்துக்கள் 12.6 சதவீதம், முஸ்லிம்கள் 9.7 சதவீதம், கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம். ஆனால் கொழும்பு மாநகர எல்லைக்குள் எந்த ஒரு மதத்தவரும் பாதிக்கு மேல் இல்லை. வெள்ளவத்தையின் பல அடுக்குமாடிகளில் இந்துக்கள் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். புதுக்கடையிலும் மருதானையின் பல ஒழுங்கைகளிலும் முஸ்லிம்கள். கொட்டாஞ்சேனையின் சில தெருக்களில் கத்தோலிக்கர்கள். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்புவதற்குள் ஒருவர் பெரும்பான்மையாகவும் சிறுபான்மையாகவும் பலமுறை மாறிவிடுகிறார்.

ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்தில் நீங்கள் செல்லும் இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அங்கே விடுமுறை கேட்காமலே கிடைக்கும் பண்டிகை யாருடையது? உணவு ஏற்பாடு செய்யும்போது யாருடைய விருப்பத்தை ஒருவரும் விசாரிப்பதில்லை? விதி ஒன்றை மாற்ற வேண்டுமானால் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள்? மூன்றுக்கும் உங்கள் சமூகமே விடையாக வரும் இடத்தில் நீங்கள் பெரும்பான்மை. அங்கே உங்கள் வாயிலிருந்து இயல்பாக வரும் சொற்களைக் கவனியுங்கள். "அவையள் எப்பவும் அப்படித்தான்" என்ற வாக்கியம் உங்களிடமிருந்து எளிதாக வருவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

குழுப்பற்று உருவாவதற்குப் பழம்பகையோ வேதவேறுபாடோ தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பாடசாலைச் சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாக அவர்களிடம் சொல்லப்பட்டாலும், உண்மையில் அது தற்செயலான பிரிவே. தம் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத அச்சிறுவர்கள், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவினருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை சற்றுக் குறைந்தாலும் மற்றக் குழுவைவிடத் தாம் மேலே நிற்கும் பங்கீட்டையே பல வேளைகளில் தெரிந்தெடுத்தார்கள். முன்னைப் பகை எதுவும் இல்லாத சிறுவர்களிடமே இது நிகழ்ந்தது என்றால், நூறாண்டு நினைவுகளைச் சுமந்த சமூகங்களில் எவ்வளவு வலுவாக நிகழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்பேசும் நம் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்கு இரண்டு மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. முஸ்லிம்களே பெரும்பான்மையாக வாழும் காத்தான்குடியில் சூஃபி மரபைப் பின்பற்றியோர் தாக்கப்பட்டிருக்கிறார்கள். சிறு கிறிஸ்தவச் சபைகளின் செபக்கூட்டங்களுக்கு எதிராக இந்துக்கள் திரண்ட ஊர்களும் உண்டு. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு சிங்கள பௌத்த அயலவரோடு பேசுபவர், தன்னை நீதிபதியின் ஆசனத்தில் இருத்திக்கொள்ள மாட்டார்.

பேச்சுக்கு அடியில் எந்த அச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்

ஒருவர் சிறுபான்மை மதத்தவரைப் பற்றிக் கடுமையாகப் பேசும்போது, அவர் சொன்ன விடயத்தை உடனே மறுக்கத் தொடங்காதீர்கள். அதற்கு அடியில் இருக்கும் அச்சம் எது என்று கண்டுகொள்வதே முதல் வேலை. வோல்டர் ஸ்டீபன் முதலிய உளவியலாளர்கள் இவ்வச்சங்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கிறார்கள்: உயிர், பொருள், அதிகாரம் பறிபோகும் என்ற அச்சம் ஒன்று, வாழ்முறையும் அடையாளமும் கரைந்துபோகும் என்ற அச்சம் மற்றொன்று. கொழும்பில் கேட்கும் பேச்சை வைத்து நான் இதை எண்ணிக்கை, வியாபாரம், அடையாளம், பாதுகாப்பு என்று நான்காக விரித்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கை பற்றிய அச்சமே இவற்றில் ஆழமானது. "எங்களுக்கு இருப்பது இந்த ஒரு நாடுதான்" என்று சிங்களவர் ஒருவர் சொல்லும்போது, எழுபது சதவீதத்தவருக்கு என்ன பயம் என்று நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் தீவின் வரைபடத்தைப் பார்த்துப் பேசவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடிக்கணக்கான தமிழர்கள், அதற்கும் அப்பால் முஸ்லிம் நாடுகள், கிறிஸ்தவ மேற்குலகு என்று விரியும் படத்தில் அவர் தன்னைச் சிறுபான்மையாகவே காண்கிறார். சிங்களம் பேசும் வேறொரு நாடு உலகில் இல்லை என்பது உண்மை; அந்த உண்மையை முதலில் நீங்களே வாய்திறந்து ஒப்புக்கொள்ளுங்கள். தன் அச்சத்தை எதிரில் இருப்பவர் விளங்கிக்கொண்டார் என்று உணராத மனத்தில் எந்தப் புள்ளிவிபரமும் நுழையாது.

அதன் பிறகு எண்களைச் சொல்லலாம். 1881ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இத்தீவின் பௌத்தர்கள் சுமார் 61.5 சதவீதம்; 1981இல் 69.3 சதவீதம், 2012இல் 70.1 சதவீதம். குறைந்துபோவதாக அஞ்சும் சமூகம் 130 ஆண்டுகளில் கூடியிருக்கிறது. முஸ்லிம்களின் பங்கு 1981இல் 7.6 சதவீதமாக இருந்து 2012இல் 9.7 சதவீதமானது, முப்பது ஆண்டுகளில் கூடியது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதே காலத்தில் போரும் புலம்பெயர்வும் காரணமாக இந்துக்களின் பங்கு 15.5இலிருந்து 12.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த எண்களை மனனம் செய்து வைத்திருங்கள். ஆனால் அவற்றைப் பேச்சின் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம்.

வியாபாரம் பற்றிய அச்சம் நம் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுவது. 1915இல் கம்பளை, கண்டிப் பகுதிகளில் பெரஹர ஊர்வலமும் பள்ளிவாசலும் தொடர்பான தகராறாகத் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்பு வன்முறை சில நாட்களில் கொழும்புக்கும் பரவியது. முதல் உலகப் போர்க்காலத்து விலையேற்றமும் சில்லறை வியாபாரப் போட்டியும் அதற்கு எரிபொருளாயின. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியிலும் அதே சாயலைக் காணலாம். இங்கே மதத்தை விட்டுப் பொருளுக்கு வாருங்கள். புறக்கோட்டையின் முஸ்லிம் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு வாங்கும் சிங்களக் கடைக்காரர், அவருக்கு அரிசி அனுப்பும் பொலன்னறுவை ஆலைக்காரர், மூட்டை சுமக்கும் நாட்டாமை என்று, ஒருவர் வருமானம் மற்றவர் வருமானத்தோடு பிணைந்திருப்பதை ஒரு குறிப்பிட்ட சரக்கின் பயணத்தை வைத்தே பேசுங்கள். ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பார் என்ற கணக்கு அப்போதுதான் தளரும்.

அடையாளம் பற்றிய அச்சத்தில் சமய வாதம் செய்யாதீர்கள். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்றுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் வெடித்தது. பறைச் சத்தமும் ஊர்வலப் பாதையும் அன்றும் சண்டைக்குக் காரணங்களாக இருந்தன. ஒலிபெருக்கி பற்றி அயலவர் குறைப்படும்போது, "உங்கள் பண்டிகைக்கும் போடுகிறீர்கள்தானே" என்று திருப்பிக் கொடுக்காமல், எல்லோருக்கும் ஒரே நேரக் கட்டுப்பாடு என்ற இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தும் உயர் நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு கோவில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் அனைத்துக்கும் பொதுவானது. விதி பொதுவாகும்போது அது யாரையும் சுட்டும் விரலாக இருப்பதில்லை.

ஒருவர் குற்றத்தை ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றும் பேச்சுக்கு

பாதுகாப்பு அச்சத்தைத் தனியாகவே பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று உல்லாச விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல அதில் அழிந்தன. மூன்று வாரங்கள் கழித்து, அத்தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் தாக்கப்பட்டன. தாக்குதல் குழுவின் தலைவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னதாக முறைப்பாடு செய்திருந்தார்கள் என்ற செய்தி அந்தக் கும்பல்களின் மனத்தில் எடை பெறவில்லை.

எடை பெறாமல் போவதற்குக் காரணம் உண்டு. சமூக உளவியலாளர் தோமஸ் பெட்டிக்ரூ 1979இல் விளக்கிய ஒரு சாய்வு இது: நம்மவர் ஒருவர் தீமை செய்தால் அவருடைய சூழ்நிலையைத் தேடுகிறோம், மற்றச் சமூகத்தவர் செய்தால் அந்தச் சமூகத்தின் இயல்பென்று முடிவு கட்டுகிறோம். மற்றவர் நன்மை செய்தாலோ, "அவர் விதிவிலக்கு" என்று கழித்துவிடுகிறோம். டேவிட் ஹமில்டனும் ரொபர்ட் கிஃபர்டும் 1976இல் காட்டிய இன்னொரு செயல்முறை இதற்குத் துணைபோகிறது. எண்ணிக்கையில் குறைந்த ஒரு குழுவும் அரிதாக நிகழும் தீய செயலும் சேர்ந்து வரும்போது, இரண்டும் கண்ணில் தனித்துத் தெரிவதால் அந்தச் சேர்க்கை உண்மையில் உள்ளதைவிட அடிக்கடி நிகழ்வதாக நினைவில் பதிகிறது. கெட்ட எண்ணம் இல்லாதவருடைய நினைவும் இப்படியே வேலை செய்யும்.

இதற்கு மறுமொழியாகப் பயன் தந்த ஒரு வழியை எமில் புரூனோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். முஸ்லிம்கள் அனைவரும் பொறுப்பா என்று நேரடியாக வாதிடாமல், கேட்பவருடைய சொந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர் செய்த வன்முறைக்கு அவர் தனிப்பட்ட முறையில் எவ்வளவு பொறுப்பு என்று முதலில் கேட்பதே அந்த வழி. அதற்கு "நான் பொறுப்பில்லை" என்று விடை சொன்னவர்கள், அதே அளவுகோலை முஸ்லிம்களுக்கும் பொருத்தத் தொடங்கினார்கள். ஸ்பெயினில் நடந்த சோதனையில் இந்த மாற்றம் ஓர் ஆண்டு கழித்தும் காணப்பட்டது.

கொழும்புத் தமிழருக்கு அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1983 ஜூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளால் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு, பம்பலப்பிட்டியில் வாழ்ந்த ஒரு தமிழ் எழுதுவினைஞரின் குடும்பம் பொறுப்பா? இல்லை என்றால், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு தெமட்டகொடையின் முஸ்லிம் தையற்காரர் எப்படிப் பொறுப்பாவார்? கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். விடையை அவரே சொல்லட்டும். நீங்கள் சொன்ன விடை உங்களுடையதாகவே இருந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தன் பிள்ளையையோ துணையையோ கொச்சிக்கடையில் இழந்தவரிடம் இந்தக் கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். அவர் முன் நமக்குள்ள கடமை கேட்டிருப்பது மட்டுமே.

ஒரு வெள்ளவத்தை உதாரணம்

அடுக்குமாடி ஒன்றில் பெரும்பாலோர் இந்துக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு வாடகைக்கு வருகிறது. முஸ்லிம் குடும்பம் ஒன்று கேட்கிறது. நிர்வாகக் குழுவில் மூத்தவர் ஒருவர் மறுக்கிறார். "அவைக்குக் குடுத்தால் மாட்டிறைச்சி சமைப்பினம் தம்பி, பிறகு மற்ற ஆக்கள் வெளிக்கிட்டிடுவினம்" என்கிறார். அவரைப் பிற்போக்கானவர் என்று சொல்வதால் அந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைக்காது.

2016இல் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் அமெரிக்காவின் மயாமியில் நடத்திய ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. அது திருநர்கள் மீதான பாரபட்சத்தைப் பற்றியது. ஆனால் கற்றுத்தரும் முறை பரந்தது. வீட்டு வாசலில் சுமார் பத்து நிமிடம், தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு, பிறர் தன்னை வேறானவராக நடத்திய அனுபவத்தைக் கேட்பவரே நினைவுகூரச் செய்து பேசியபோது, மனப்பாங்கு மாறியது. மூன்று மாதங்கள் கழித்தும் மாற்றம் நிலைத்திருந்தது. எனவே இப்படித் தொடங்கலாம்:

"அங்கிள், நீங்கள் கொழும்புக்கு வந்த காலத்திலை வீடு எடுக்கிறது லேசாக இருந்ததோ?"

"எங்கை லேசு? தமிழர் எண்டால் முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லுவாங்கள். பொலிஸ் பதிவு வேறை."

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?"

இந்த மூன்றாவது கேள்வியை அவசரப்படாமல் கேளுங்கள், விடையையும் முழுமையாகக் கேளுங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியதையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. அவர் தன் அனுபவத்தைச் சொல்லி முடித்த பிறகு, வீடு கேட்கும் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: மகள் பக்கத்துப் பாடசாலையில் படிக்கிறாள், தந்தைக்கு வேலை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது என்பது போன்ற, வீடு தேடும் எவருக்கும் பொருந்தும் ஒரு செய்தி. இறைச்சி பற்றிய கவலையைக் கேலி செய்ய வேண்டாம். அது அவருக்கு உண்மையான கவலை. பொது வழியில் சமைத்த மணமும் கழிவும் வராமல் பார்ப்பதற்கான விதி எல்லா வீட்டாருக்கும் உண்டு என்பதை நினைவூட்டினால், அந்தக் கவலைக்கு ஓர் இடம் கிடைக்கும். அவர் அன்றே சம்மதிக்காமல் போகலாம். அடுத்த கூட்டத்துக்கு முன் மீண்டும் போய்ப் பேசுங்கள்.

வதந்தி கைப்பேசிக்கு வந்து சேரும்போது

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கிளம்பியது. சிங்களம் சரளமாக வராத கடைக்காரர் அச்சத்தில் சொன்ன அரைகுறைச் சொற்கள் காணொளியாகப் பரவின. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். சில நாட்களுக்குள் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான பெரும் வன்முறை வெடித்தது. அவசரகாலச் சட்டம் வந்தது. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. இதற்கிடையில், 2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது அதே மலடாக்கும் கதை வேறு வடிவில் சுமத்தப்பட்டது. ஆய்வுகூட அறிக்கை மாவுக்கட்டிக்கு விடை சொன்னது. எண்ணிக்கை பற்றிய அச்சத்துக்கு யாரும் விடை சொல்லவில்லை. அதனால் கதை திரும்பி வந்தது.

மறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதே அதை நம்பத்தக்கதாக ஆக்கிவிடுகிறது என்பது 1977இல் வெளியான ஆய்வொன்றிலிருந்து பலமுறை உறுதியான முடிவு. எனவே வதந்தியைக் கண்டிப்பதற்காகக்கூட அந்தப் படத்தையோ குரல்பதிவையோ மீண்டும் அனுப்பாதீர்கள். முதல் வரியில் உண்மையைச் சொல்லுங்கள், பொய்யை ஒரு தடவை மட்டும் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள், கடைசியில் மீண்டும் உண்மையையே வையுங்கள். அனுப்பியவர் பெரியப்பாவாகவோ மாமியாகவோ இருந்தால் குழுவில் எல்லோர் முன்னிலும் திருத்த வேண்டாம். தனியே அழைத்துப் பேசி, அவரே அதை அழித்துவிட இடம் கொடுங்கள். ஆனால் குறிப்பிட்ட கடையையோ வீட்டையோ சுட்டி ஆட்களைத் திரட்டும் செய்தியானால், மரியாதை பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அதன் பிரதியைச் சேமித்து, உரியவருக்கும் பொலிசாருக்கும் உடனே அறிவியுங்கள்.

பழகுவது போதுமா?

சேர்ந்து பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. வெசாக் தன்சலுக்குப் போகிறோம், நோன்புக் கஞ்சி வாங்குகிறோம், கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எல்லா மதத்தவரும் நேர்த்தி வைக்கிறோம். இவை அருமையானவை. ஆனாலும் பழக்கம் பாரபட்சத்தைக் குறைப்பதற்கு உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சமமான நிலை, பொதுவான இலக்கு, அதற்கான கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. பெட்டிக்ரூவும் லிண்டா ட்ரோப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்பு பொதுவாகப் பாரபட்சத்தைக் குறைப்பதும், இந்நிபந்தனைகள் இருக்கும்போது கூடுதலாகக் குறைப்பதும் தெரிந்தது. ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும் உறவில் சமநிலை இல்லை.

இன்னொரு எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஐ.எஸ். ஆயுதக் குழுவின் வன்முறையால் இடம்பெயர்ந்த ஈராக்கியக் கிறிஸ்தவர்களின் உதைபந்தாட்ட அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. கலந்த அணிகளில் ஆடிய கிறிஸ்தவர்கள் போட்டி முடிந்த பிறகும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்ய விரும்பினார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்களிடம் அந்த நல்லெண்ணம் அதே அளவில் விரியவில்லை. "ஒயா நம் எஹெம நே", நீங்கள் அப்படியில்லை, மற்றவர்கள்தான், என்று சிங்கள நண்பர் அன்போடு சொல்வதைக் கேட்காத சிறுபான்மையினர் கொழும்பில் அரிது. அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டு கடந்துவிடாதீர்கள். "நான் எங்கள் ஆட்களைப் போலத்தான் இருக்கிறேன், என் அம்மாவும் தம்பியும் இப்படித்தான்" என்று மென்மையாகச் சொல்லி, நட்பின் பயனை உங்களோடு முடியவிடாமல் உங்கள் சமூகத்துக்கும் நீட்டுங்கள். கூட்டு வேலையைத் தெரிந்தெடுக்கும்போது வருடத்துக்கு ஒருநாள் விழாவைவிட, வடிகால் துப்புரவு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், அடுக்குமாடி நிர்வாகக் குழு போன்ற, மாதாமாதம் சந்திக்க வைக்கும் வேலையே மேல்.

யார் பேசுவது, எப்போது பேசுவது

ஒரு மேசையில் எட்டுப் பேர் இருக்க ஒருவர் இழிவாகப் பேசுகிறார். ஏழு பேருக்கும் அது பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரும் உடன்படுவதாக எண்ணி வாய்மூடி இருக்கிறார்கள். இந்த நிலையை உடைப்பதற்கு நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை; "நான் அப்படி நினைக்கவில்லை" என்ற ஒரு வாக்கியம் முதல் சில நிமிடங்களுக்குள் வந்தால் போதும். ருவாண்டாவில் இன நல்லிணக்கத்துக்கான வானொலி நாடகம் ஒன்றை ஓராண்டு கேட்டவர்களை ஆராய்ந்த எலிசபெத் பாலக், அவர்களுடைய தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறாவிட்டாலும் தம் சமூகத்தில் எது ஏற்கத்தக்கது என்ற கணிப்பும் நடத்தையும் மாறியதைக் கண்டார். மனத்தை மாற்ற முடியாதவரிடத்திலும் நடத்தையை மாற்றலாம் என்பதே இதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது.

அந்த வாக்கியத்தைச் சொல்பவர், பேசியவருடைய சமூகத்தையே சேர்ந்தவராக இருப்பது நல்லது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும், கோவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டபோது, அதை எதிர்த்த பௌத்தர்களின் குரலும் இந்துக்களின் குரலும் முஸ்லிம்களின் குரலால் தனித்துச் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்தன. முஸ்லிமைப் பற்றிய பேச்சில் இந்து பேசட்டும். சிறு சபைக் கிறிஸ்தவரைப் பற்றிய பேச்சில் கத்தோலிக்கர் பேசட்டும். அங்கே ஒரே சிறுபான்மையாக இருப்பவர் தன்னைத் தானே காத்துப் பேச வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக் கூடாது.

குடித்திருப்பவரிடமும், கூட்டமாக வந்தவரிடமும், உங்களை அச்சுறுத்துபவரிடமும் இந்த முறைகள் எதையும் முயலாதீர்கள். விலகிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். பிறகு சட்டத்தின் வழி இருக்கிறது. மதத்தின் அடிப்படையில் பாரபட்சம் காட்டப்படாதிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும், மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரையும் தருகின்றன. அரச அதிகாரி ஒருவர் இவற்றை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். தனிமனிதர் அல்லது வீட்டுச் சொந்தக்காரர் மீது அந்த மனு செல்லாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மதப் பகையைத் தூண்டும் பேச்சுக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் 2019இல் உடையில் கப்பல் சுக்கான் படம் இருந்ததை பௌத்தரின் தர்மச்சக்கரம் என்று சொல்லி முஸ்லிம் பெண் ஒருவரைக் கைது செய்யவும் அதுவே பயன்படுத்தப்பட்டது. எனவே சட்டத்தரணி ஒருவருடைய ஆலோசனையோடு மட்டும் அந்த வழியில் செல்லுங்கள். நிகழ்ந்த நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியுமாறு கேளுங்கள். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ், அது உங்களுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டப்படும்வரை கையொப்பமிட வேண்டாம்.